உள்ளங்கையில் ஒரு சொட்டு

வேலைக்கு எப்போது போகலாம் என்று டாக்டரிடம் கேட்டீர்களே, அது என் காதில் விழுந்தது. ஒட்டுக் கேட்கவில்லை. நாற்காலிக்கும் நாற்காலிக்கும் நடுவே ஒரு முழம்கூட விடாமல் போட்டிருக்கிறார்கள், விழாமல் வேறு எங்கே போகும்? உங்கள் பேர் ஜெஸிந்தா, வள்ளியூர்ப் பக்கம் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், இன்றைக்குத்தான் முதல் மருந்து, கூட வந்திருப்பது தம்பி, அவர் காபி குடிக்கக் கீழே போயிருக்கிறார். எல்லாம் தானாக விழுந்ததுதான். நான் பொதுவாக யாரிடமும் வாய் கொடுக்கிற ஆள் இல்லை.

அந்தக் கையை அசைக்காதீர்கள். ஊசி நழுவினால் மறுபடி குத்துவார்கள். நர்ஸ் நல்ல பிள்ளைதான், ஆனால் அவள் நரம்பைத் தேடிப் பிடிப்பதற்குள் நம் உயிர் போய்த் திரும்பி வரும்.

டாக்டர் என்ன சொன்னார் உங்களிடம்? 'முடிஞ்சாப் போங்கம்மா, உடம்பு சொல்றதைக் கேளுங்க.' எல்லாருக்கும் அதே பாட்டுதான். எனக்கும் ஆபரேஷன் முடிந்து இந்த மருந்து ஆரம்பித்த அன்றைக்கு, 'நீங்க என்ன வேலை பாக்கறீங்க?' என்று கேட்டார். வீட்டில்தான் இருக்கிறேன் என்றேன். 'அப்ப உங்களுக்குப் பிரச்சினையே இல்லை, நல்லா ரெஸ்ட் எடுங்க' என்றார். படித்த மனிதர். அவர் வீட்டில் மட்டும் சோறு கூரையைப் பிய்த்துக்கொண்டு தட்டில் விழும் போலிருக்கிறது.

உங்களுக்காவது மெடிக்கல் லீவு உண்டு. லீவு முடிந்தால் ஹெட்மிஸ்ட்ரஸ் கூப்பிட்டு, வருகிறீர்களா இல்லையா என்று கேட்பார். என்னை யார் கேட்பார்கள்? ஆனாலும் நான் வேலைக்குத் திரும்பிப் போனேன் டீச்சர். அதைத்தான் சொல்ல வந்தேன். இந்தப் பாட்டில் இறங்கி முடிய மத்தியானம் தாண்டும், சும்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தால் இறங்கவே இறங்காது.

எங்கள் வீடு பாளையங்கோட்டையில். வீட்டில் நாலு பேர். அத்தானுக்கு, அதாவது என் வீட்டுக்காரருக்கு, மின்வாரியத்தில் வேலை. மகள் தாரிணி, கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சம்பாதிக்கிறாள். நான். அப்புறம் என் மாமனார். மாமா தாலுகா ஆபீஸில் ஹெட் கிளார்க்காக இருந்தவர். ரிட்டயர் ஆன பிறகு குறிப்பெழுத ஃபைல் கிடைக்கவில்லை, என் சமையலை எடுத்துக்கொண்டார். ஒரு கவளம் பிசைந்து வாயில் வைத்துக் கண்ணை மூடுவார். 'உப்பு ஒரு கல்லு தூக்கல்.' மறுநாள், 'புளி முந்துது.' அதற்கு மறுநாள், 'தேங்காயை இன்னும் ரெண்டு சுத்து சுத்தியிருக்கலாம்.' நான் கல்யாணமாகி வந்த அன்றைக்கு ஆரம்பித்தது. நல்லாருக்கு என்று ஒரு நாள், ஒரு நாள்கூட அவர் வாயிலிருந்து வந்ததில்லை. என் மாமியார் அந்த வார்த்தையைக் கேட்காமலே போய்ச் சேர்ந்தாள். அவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து கை கழுவப் போனால் அன்றைக்கு எனக்கு ஃபர்ஸ்ட் கிளாஸ்.

நான் கான்வென்டில் படித்தவள். தையல் சொல்லிக்கொடுக்க ஒரு மதர் இருந்தார், மங்களூர்க்காரர். ஒரு தையல் கோணினாலும் கத்தரியை எடுத்து முழுவதையும் பிரித்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோலத் துணியை என் கையில் கொடுப்பார். என் பக்கத்தில் செலின் என்று ஒருத்தி, கொஞ்சம் மந்தம். அவள் துணியில் முடிச்சு முடிச்சாகத் தொங்கும். மதர் அதைப் பார்த்து 'வெரி நைஸ், செலின்' என்று தலையைத் தட்டிவிட்டுப் போவார். எனக்கு அழுகை அழுகையாக வரும், செலின் மேல் அவ்வளவு பொறாமை. ஏன் சொல்கிறேன் என்றால், ஒன்றுமில்லை, ஞாபகம் வந்தது.

சமையலுக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் சமைக்கும்போது ருசி பார்க்கிற வழக்கம் கிடையாது. சைவக்காரர்கள் நாங்கள், சாமிக்குக் காட்டுவதற்கு முன்னால் நாக்கில் பட்டால் அது எச்சில். பிறகு எப்படி உப்பு தெரியும், புளி தெரியும் என்று கேட்பீர்கள். மூக்கு எதற்கு இருக்கிறது? புளி கொதித்துப் பச்சை வாடை அடங்குகிற இடம் ஒன்று உண்டு, மூக்கு அங்கே போய் நின்றுகொள்ளும். உப்பு, விரலில் இருக்கிறது. கல்லுப்பை மூன்று விரலால் அள்ளினால் எவ்வளவு வந்தது என்று விரலே சொல்லும். ஹோம் சயன்ஸ் வகுப்பில் ஸ்பூனில் எடுத்துக் கத்தியால் வழித்து அளக்கச் சொல்லிக்கொடுத்தார்கள், பரீட்சையில் எழுதியதோடு சரி. ஸ்பூனை வைத்துக்கொண்டு சமைக்கிறவள் கஷாயம்தான் காய்ச்ச வேண்டும்.

அப்படிப்பட்ட வீட்டுக்குள் சொர்ணம் வந்தாள்.

அத்தான்தான் கூட்டிக்கொண்டு வந்தார். தூரத்துச் சொந்தம், புருஷன் இல்லை, கல்யாண வீடுகளில் சமையலுக்குப் போய்க்கொண்டிருந்தவள். ஆள் சுத்தம், குறை சொல்லக் கூடாது. சொல்லத்தான் போகிறேன். நான் கட்டிலில் கிடக்கிறேன், கதவு வழியாக அடுக்களை தெரிகிறது. ரசம் கொதிக்கிறது. கரண்டியால் கோரி, இடது உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு, ஸ்ஸ் என்று உறிஞ்சி, நாக்கைத் தட்டுகிறாள். அப்புறம் அந்தக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அதே கரண்டியை உள்ளே விடுகிறாள். எனக்கு வாந்தி வந்தது. மருந்தால் வந்தது என்று எல்லாரும் ஓடி வந்தார்கள்.

"சொர்ணம், என்ன செய்யுதே?" என்றேன்.

"உப்பு பாக்கேன்க்கா."

"இன்னும் சாமிக்கே காட்டலியே."

"சாமி உப்புப் பத்தலைன்னு எந்திரிச்சுப் போயிட்டா யாருக்கா பதில் சொல்ல?"

வாய். அந்த வாயை அளக்க ஸ்பூன் போதாது, படி வேண்டும்.

சமையலாவது ஒழுங்கா? எல்லாம் கல்யாண வீட்டுச் சாப்பாடு. எதில் கை வைத்தாலும் ஒரே பொடி. மாமாவே சொன்னார், "சாம்பாரும் ரசமும் அக்கா தங்கச்சி மாதிரில்லா இருக்கு." அதைக் கேட்டுப் படுத்த படுக்கையிலேயே எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது. ஆனால் சாப்பிட்டார்கள். எல்லாரும் சாப்பிட்டார்கள். தட்டு சத்தம், தம்ளர் சத்தம், அத்தான் ஏப்பம் விடுகிற சத்தம், எல்லாம் நேரத்துக்கு வந்துகொண்டிருந்தது. படுத்திருந்தால் வலியைவிடப் பெரிய உபத்திரவம் இந்தக் காதுதான் டீச்சர். நாம் இல்லாமல் ஒரு வீடு ஓடுகிற சத்தம் இருக்கிறதே, அதை யாரும் கேட்கக் கூடாது.

மூன்றாவது மருந்து முடிந்து ஒரு வாரத்தில் கால் கொஞ்சம் தரையில் நின்றது. காலையில் குளித்தேன். தலையில் இருந்தது எல்லாம் போய்விட்டது, இந்த ஸ்கார்ஃபை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். அடுக்களைக்குள் போய் சொர்ணத்தின் கையிலிருந்து கரண்டியை வாங்கினேன். அவ்வளவுதான். அதுதான் நான் வேலைக்குத் திரும்பிப் போனது. மாலை இல்லை, வரவேற்பு இல்லை.

வீட்டில் பெரிய ரகளை. தாரிணி ஓடி வந்தாள். "அம்மா, டாக்டர் சொன்னது மறந்துபோச்சா? கத்தி கூடாது, புகை கூடாது, இடது கையால வெயிட் தூக்கக் கூடாது."

"அடுக்களையில் வேற என்னடி இருக்கு?" என்றேன்.

கடைசியில் ஒரு உடன்பாடு. நறுக்குவது, குக்கரைத் தூக்குவது, தேங்காய் திருவுவது எல்லாம் சொர்ணம். அடுப்பு நான். ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு அடுப்பு முன்னால் உட்கார்ந்துகொள்வேன். தாளித்து முடித்தால் நாலு தெரு நடந்த மாதிரி இருக்கும். ஃபிரிட்ஜில் கன்னத்தைச் சாய்த்துக் கொஞ்சம் நிற்பேன். சொர்ணம் பார்த்துக்கொண்டே இருப்பாள். வாய்க்காரிக்கு அந்த நேரத்தில் மட்டும் வாய் இருக்காது. ஒரு தடவை குழம்புப் பக்கம் கரண்டியைக் கொண்டுவந்தாள். "கையை எடு" என்றேன். எடுத்துவிட்டாள்.

முதல் நாள் புளிக்குழம்பு, கத்தரிக்காய் போட்டு. மாமா வந்து உட்கார்ந்தார். பிசைந்தார். வாயில் வைத்தார். கண்ணை மூடினார். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தாரா, ஸ்கார்ஃபைப் பார்த்தாரா தெரியாது.

"நல்லாருக்கும்மா" என்றார்.

நல்லாருக்கும்மா. என் காதையே நம்ப முடியவில்லை. சொர்ணத்தைத் திரும்பிப் பார்த்தேன், அவள் அப்பளத்தைத் திருப்பிப் போடுவதுபோல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பொறாமை. எனக்கு அன்றைக்கு முழுக்கத் தரையில் கால் படவில்லை. இந்த நோய் வந்து ஒரு பிரயோஜனம் என்றால் இதுதான் என்று நினைத்தேன். ஒரு மனிதருக்கு நாம் சமைத்துப் போட்டதன் அருமை தெரிய நாம் கொஞ்ச நாள் படுத்துக்கிடக்க வேண்டியிருக்கிறது.

அது முதற்கொண்டு தினமும் அந்த வார்த்தைதான். தீயல் குழம்பு வைத்தால் நல்லாருக்கு. கூட்டு வைத்தால் நல்லாருக்கு. அத்தானும் கூடச் சேர்ந்துகொண்டார், அவர் சாப்பாட்டைப் பற்றிப் பேசியே நான் கேட்டதில்லை. எல்லாருக்கும் தயிர் மேல் ஆசை வந்துவிட்டது, எவ்வளவு உறைக்கு ஊற்றினாலும் மத்தியானத்துக்குள் சட்டி காலி. வெயில் காலம் இல்லையா. தாரிணி டயட் என்று ஆரம்பித்துவிட்டாள், ஒரு கரண்டி சோறு, அதிலும் மோர். இந்தக் காலத்துப் பெண்களுக்கு எலும்பு தெரிந்தால்தான் அழகு. பாத்திரம் கழுவுகிற மாரி, முன்னாலெல்லாம் மிச்சக் குழம்பு இருக்கிறதா என்று அவளே மூடியைத் திறந்து பார்ப்பாள். இப்போது கொடுத்தாலும், "வேண்டாம்மா, வீட்ல இருக்கு." அவள் மகன் வேலைக்குப் போகிறான், கௌரவம் வந்துவிட்டது.

கை மரத்துப் போகும், தெரியுமா உங்களுக்கு? சொன்னார்களா? விரல் நுனியெல்லாம் யாரோ துணி சுற்றிவிட்ட மாதிரி. ஜாக்கெட் ஹூக்கை இப்போது மகள்தான் மாட்டிவிடுகிறாள். நாக்கு, ஒரு எவர்சில்வர் கரண்டியை இருபத்துநாலு மணி நேரமும் சப்பிக்கொண்டிருக்கிற மாதிரி. சோறு, பழம், தண்ணீர் எல்லாம் அதே கரண்டி. மூக்கும் போய்விடும். சாமி முன்னால் கற்பூரம் எரியும், வெறும் வெளிச்சம்தான் தெரியும். பயப்படாதீர்கள், மருந்து முடிந்ததும் எல்லாம் திரும்பி வரும் என்கிறார்கள். எனக்கு அதனால் ஒன்றும் இல்லை. இத்தனை வருஷப் பழக்கம், கை தன்னால் செய்துகொண்டு போகிறது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அத்தானின் அக்கா தென்காசியிலிருந்து என்னைப் பார்க்க வந்தாள். மதினிக்குச் சொதி என்றால் உயிர். தேங்காய்ப்பால் மூன்று தடவை பிழிந்து, பாசிப்பருப்பு, உருளைக்கிழங்கு, முருங்கைக்காய் எல்லாம் போட்டு, தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையலும் வைத்தேன். நானேதான். பிழிந்தது மட்டும் சொர்ணம். மதினி ஒரு வாய் வைத்தாள். "அந்தக் கை அப்படியேதான் இருக்கு உலகு" என்றாள். என் பேர் உலகம்மை. எனக்குக் குளிர்ந்துவிட்டது. இன்னொரு கரண்டி விட வந்தேன், இலையை மடித்துவிட்டாள். சொதிக்கு மூன்று தடவை சோறு வாங்குகிறவள் அவள். பஸ்ஸில் வந்த அலுப்பு, பித்தம் என்றாள்.

மாமா எப்போதும் கடைசியில் தனியாகச் சாப்பிடுவார். நான் மோர் எடுத்துக்கொண்டு போகிறேன். அவர் என்ன செய்கிறார் தெரியுமா? சொதியிலிருந்து முருங்கைக்காயை எடுத்துத் தண்ணீர்த் தம்ளருக்குள் முக்கி அலசுகிறார். அலசி, உதறி, இலையில் வைத்துக்கொண்டு, அடுத்ததாக உருளைக்கிழங்கு. தண்ணீர் மேலெல்லாம் சிந்துகிறது. என்னைப் பார்த்ததும் திருடன் மாதிரி கையை எடுத்துக்கொண்டார்.

"என்ன மாமா இது?"

"சூடும்மா. ஆத்துதேன்."

சொதி ஆறி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. வயசு தொண்ணூறை நெருங்குகிறது, புத்தி மாறாட்டம் என்று அத்தானிடம் சொன்னேன். ஒரு நல்ல டாக்டரிடம் காட்டுங்கள் என்றேன். அத்தான் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு, "காட்டுவோம் காட்டுவோம்" என்றார்.

இன்றைக்குக் காலையில் என்னை இங்கே கொண்டுவந்து விடும்போது கேட்கிறார். "சொர்ணத்தை வேற வீட்டுல கூப்பிடுதாங்களாம். நீதான் எல்லாம் செய்யுதியே, அவளை அனுப்பிரட்டுமா? சாயந்திரம் வாரப்ப யோசிச்சுச் சொல்லு." கேட்டுவிட்டு என்னைப் பார்க்கவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார். ஸ்டியரிங்கை அவ்வளவு இறுக்கிப் பிடித்து அவர் ஓட்டி நான் பார்த்ததில்லை.

எவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும் எனக்கு. சொர்ணம் போகிறாள், அடுக்களை எனக்கு. இதற்குத்தானே ஸ்டூலைப் போட்டுக்கொண்டு மூச்சு வாங்க உட்கார்ந்தேன். 'அனுப்பிருங்க' என்று வாய் வரை வந்தது. வெளியே வரவில்லை.

சரி, சொல்லிவிடுகிறேன். இந்த நாற்காலியில் நான் ஏன் உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைக்கிறீர்கள்? அந்தக் கோடியில் ஏசி முகத்தில் அடிக்கிறது என்று நர்ஸிடம் சொன்னேனே, அது பொய். உள்ளே வந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, "இன்னைக்குப் புதுசா வந்தது யாரு?" உங்களைக் காட்டினாள்.

பாருங்கள் டீச்சர். எனக்கு நோய் என்று தெருவில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தவர்கள் யாரும் என்னிடம் நிஜம் பேசுவதில்லை. பால்காரன் என் ஸ்கார்ஃபைப் பார்த்து, "நல்லாருக்கும்மா, வயசு குறைஞ்ச மாதிரி இருக்கு" என்கிறான். அவனிடம் குழம்பைக் கொடுத்து எப்படி இருக்கிறது என்று கேட்கவா? இங்கே வந்தால், இந்த வரிசையில் இருக்கிற யாருக்கும் நாக்கு கிடையாது, எல்லாரும் கரண்டி சப்புகிறவர்கள். எனக்கு வேண்டியது, இந்த நோய் இருக்கிற ஆள், என்னைப் பார்த்து ஐயோ பாவம் என்று நினைக்காது. ஆனால் மருந்து இன்னும் நாக்குக்கு ஏறியிருக்கக் கூடாது. அப்படி ஒரு ஆள் முதல் நாள் மட்டும்தான் கிடைக்கும். அடுத்த தடவை வரும்போது நீங்களும் எனக்குப் பிரயோஜனப்பட மாட்டீர்கள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். கையை மட்டும் அசைக்காதீர்கள்.

மாமா நல்லாருக்கும்மா என்று சொன்னார் இல்லையா. அன்றைக்கு ராஜாத்தி மாதிரி இருந்தேன். தினமும் சொல்ல ஆரம்பித்ததும் எனக்குள் ஏதோ சில்லென்று ஆனது. என்ன என்று தெரியவில்லை. இன்றைக்குக் காரில் வரும்போதுதான் செலின் ஞாபகம் வந்தாள். மதர் என் தையலை ஏன் பிரித்தார்? இந்தப் பெண்ணுக்குத் தைக்க வரும், இன்னும் நாள் இருக்கிறது என்று. செலினிடம் வெரி நைஸ் என்று சொல்லிவிட்டு நடந்தார். மாமா இத்தனை வருஷம் என் தையலைப் பிரித்துக்கொண்டே இருந்தவர். இப்போது நல்லாருக்கும்மா என்கிறார். வீட்டில் எல்லாருமாகச் சேர்ந்து, இனிமேல் இவளைத் திருத்தி என்ன ஆகப்போகிறது என்று முடிவு கட்டிவிட்டார்களா? டாக்டர் என்னிடம் சொல்லாத எதையாவது அவர்களிடம் சொல்லியிருக்கிறாரா? அதைத்தான் எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டும். குழம்பு எப்படிப் போனால் என்ன.

இந்தக் கூடையில் டப்பா இருக்கிறது, ஊசி இல்லாத கையால் திறவுங்கள், எனக்கு விரல் பிடிக்காது. கூட்டாஞ்சோறு. அரிசி, பருப்பு, காய், முருங்கைக்கீரை எல்லாம் ஒன்றாகப் போட்டுச் செய்கிறது, உங்கள் பக்கமும் உண்டே. காலையில் செய்தேன். வீட்டிலும் இன்றைக்கு இதுதான் சாப்பாடு. ஒரு வாய் போதும்.

ம். மெல்லுங்கள்.

தண்ணீரா? இந்தாருங்கள். மெதுவாக. முழுவதையும் குடித்துவிட்டீர்கள்.

இல்லை, வேண்டாம். நல்லாருக்கு ஆன்ட்டி என்று சொல்லக் கூடாது. அதைச் சொல்ல என் வீட்டில் மூன்று பேர் இருக்கிறார்கள். நீங்கள் கணக்கு டீச்சர். பையன் விடையைத் தப்பாக எழுதினால் ஐயோ பாவம் என்று டிக் போடுவீர்களா? சிவப்புப் பேனா பிடித்த கைதானே. பத்துக்கு எத்தனை மார்க்கு, அதை மட்டும் சொல்லுங்கள்.

சத்தமாகச் சொல்லுங்கள், காதும் கொஞ்சம் அடைப்பு.

ரெண்டு.

ரெண்டா. எதற்கு அந்த ரெண்டு? காய் பதமாக வெந்திருக்கிறதா? நறுக்கினது சொர்ணம், வேகவைத்தது குக்கர். அப்படியானால் என் பங்கு சைபர். உப்பு? அள்ளிக் கொட்டின மாதிரி இருக்கிறதா? சரி. மூன்று விரலால்தான் அள்ளினேன், விரல் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லவில்லையே என்று இன்னொரு தடவை அள்ளினேன். அப்புறம்? புளி இல்லையா? புளி எப்படி இல்லாமல் போகும், ஊறப்போட்டேனே. ஊறப்போட்டுக் கரைத்து, மேடையில், மிக்ஸிக்குப் பக்கத்தில்.

அங்கேயேதான் இருக்கிறது.

இருங்கள், அழவில்லை. இந்த மருந்துக்குக் கண்ணில் தண்ணீர் வரும், உங்களுக்கும் வரும். அந்த போனை எடுத்து மாமா என்று இருப்பதை அழுத்துங்கள். ஸ்பீக்கரில் போடுங்கள், நீங்களும் கேட்க வேண்டும்.

"மாமா, நான் உலகு. சாப்பிட்டாச்சா?"

"ஆச்சும்மா. நீ எப்படி இருக்கே? மருந்து ஏறுதா?"

"ஏறுது. கூட்டாஞ்சோறு எப்படி இருந்தது?"

"நல்லாருந்துதும்மா."

"மாமா, இங்க என் பக்கத்துல ஒரு டீச்சர் இருக்காங்க. தின்னு பாத்துட்டுப் பத்துக்கு ரெண்டு மார்க்கு போட்டிருக்காங்க."

கேட்கிறதா? மேலே ஃபேன் சுற்றுகிற சத்தம். அவர் கட்டிலுக்கு மேலே இருக்கிற ஃபேன், கிரீச் கிரீச் என்று. இருக்கிறார், வைக்கவில்லை.

"ரெண்டா?" என்கிறார். "டீச்சர் இளகின மனசுக்காரி போலிருக்கு."

"மாமா."

"பின்ன என்னம்மா. புளியைக் கரைச்சுவச்சுட்டு அப்படியே போயிட்டே. சொர்ணம் எடுத்துக் காட்டினா. உப்பு, அதை நாக்குல வைக்க முடியலை. நேத்து தீயலு, அது தீயலா, திருச்செந்தூர்க் கடலு. அன்னைக்குச் சொதியை ரெண்டு தம்ளர் தண்ணியில அலசியும் போகலை. போன வெள்ளிக்கிழமை ரசத்துல பெருங்காயத்தை ரெண்டு தடவை போட்டே. அதுக்கு முந்தின நாளு..."

பார்த்தீர்களா டீச்சர். ஒன்றுவிடாமல் வைத்திருக்கிறார். நாள்வாரியாக. மாறாட்டமாவது ஒன்றாவது, கிழவர் ஹெட் கிளார்க்காகவேதான் இருக்கிறார்.

"இதை ஏன் மாமா இத்தனை நாளாச் சொல்லலை?"

"என் மகன்தான், உன் வீட்டுக்காரன், சொல்லக் கூடாதுன்னுட்டான். நீ ஸ்டூல்ல இருந்து எந்திரிக்கவே தெம்பில்லாம இருக்கே, உப்புன்னு சொன்னா விழுந்துருவேன்னு. எனக்குத் தொண்டையில முள்ளு மாதிரில்லா இருந்துது."

"டாக்டர் வேற ஏதாவது சொன்னாராமா? என்னைப் பத்தி? எனக்குத் தெரியாம?"

"அவரு என்னத்தைச் சொன்னாரு, நல்லாயிரும்னுதான் சொன்னாரு. அது இல்லைன்னா நான் இந்தச் சொதியை அலசியா தின்னுட்டு இருப்பேன்? சொர்ணத்தை அடுப்புல விடச் சொல்லிருக்க மாட்டேனா? நாக்கு திரும்பி வரட்டும், அதுவரைக்கும் பொறுப்போம்னு பாத்தேன். எவ்வளவு நாளும்மா ஆகும்?"

எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்கிறார். தொண்ணூறு வயசில் எனக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார் மனிதர், குறை சொல்ல.

"சொர்ணம் பக்கத்துல இருக்காளா மாமா? அவகிட்ட சொல்லுங்க, வேற வீட்டுக்கு எங்கயும் போக வேண்டாம்னு. நாளைக்கும் வரணும். அடுப்பு என்னுதுதான், அதுல மாத்தமில்லை. அவ அந்த உள்ளங்கையை மட்டும் கொண்டுவந்தாப் போதும்."

"எச்சிலாயிருமே."

"சாமிக்கு முதல்ல தனியா எடுத்து வச்சிருதேன். உப்பில்லாம. அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு, அவரு பழகினவரு. உங்களுக்குத்தான் கஷ்டம்."

சிரிக்கிறார். வையுங்கள் போனை, வைத்துவிடுங்கள். கேட்டுக்கொண்டிருந்தால் போன மாசத்து அவியலுக்கு வந்துவிடுவார்.

அத்தான் சாயந்திரம் வரட்டும், பேசிக்கொள்கிறேன். சொல்லக் கூடாது என்றாராம். வீட்டில் ஒரு ஆள் செய்கிற வேலையை இன்னொரு ஆள் குறை சொல்லக் கூடாது என்று சட்டம் போட இவர் யார்?

நீங்கள் வேலைக்குப் போங்கள் டீச்சர். உடம்பு என்னத்தையாவது சொல்லிக்கொண்டு கிடக்கட்டும். ஆனால் முதல் நாளே பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள், போர்டில் நான் ஒரு நம்பரைத் தப்பாகப் போட்டால் உடனே கையைத் தூக்க வேண்டும் என்று. டீச்சருக்கு உடம்பு சரியில்லை, பாவம் என்று எந்தப் பிள்ளையாவது வாயை மூடிக்கொண்டிருந்தால், அவனை பெஞ்சு மேல் ஏற்றுங்கள்.

உங்கள் தம்பி வருகிறார் பாருங்கள். அவருக்கு ஒரு வாய் கொடுக்கலாமா? வேண்டாம், பாவம், இப்போதுதான் காபி குடித்திருக்கிறார். அந்த டப்பாவை இப்படித் தாருங்கள். வீணாக்கக் கூடாது, மிச்சத்தை நானே தின்றுவிடுகிறேன். எனக்கென்ன, எல்லாம் அதே கரண்டிதான்.